டோக்கலாவ் மீன்பங்கும் எனது வெள்ளிக்கிழமை விரதமும்

1

டோக்கலாவ் பற்றி இன்னும் எழுதச் சொல்லி ஐந்து வாசகர் கடிதங்கள் வந்திருப்பதாக ஆசிரியர் அறிவித்திருக்கிறார். ஐந்தையும் மடித்து எனக்கே அனுப்பியுமிருக்கிறார். மூன்று பேருக்குக் கடலில் இறங்கி மேயும் பன்றிகளின் படம் வேண்டுமாம். ஒருவர் அங்கே பெண்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று கேட்கிறார்; ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று கையெழுத்துக்குக் கீழே பெருமையாகப் போட்டிருக்கிறார். ஐந்தாமவர் "இப்படியும் மனிதர்களா" என்று மட்டும் எழுதி மூன்று ஆச்சரியக்குறி வைத்திருக்கிறார்.

படம் கிடையாது. உடுப்பைப் பற்றியும் எழுதப்போவதில்லை. நியூசிலாந்தின் ஒக்லாந்தில் இருந்துகொண்டு உங்களுக்கு வேடிக்கை பொறுக்கி அனுப்புகிற வேலையில் எனக்கு இப்போது வெறுப்புத்தான் இருக்கிறது. உங்கள் மீதும் கோபம். நீங்கள் கேட்கிற அதே கேள்விகளை ஒரு வருஷம் முழுக்க நானும் கேட்டுக்கொண்டு திரிந்தேன் என்பதுதான் காரணம். அதனால் என் தம்பியின் விசா கையைவிட்டுப் போகப் பார்த்தது. அதைத்தான் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் பக்கத்தைப் புரட்டுங்கள்.

2

எண்பத்தைந்தில் இங்கே வந்தேன். பெயின்ற் தொழிற்சாலையில் நிறம் சரிபார்க்கிற வேலை. யாழ்ப்பாணத்தில் படித்த இரசாயனவியல், ஒரு வெள்ளைக்கும் இன்னொரு வெள்ளைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க உதவுகிறது. த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் லுசியா என்ற பெண்ணின் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். லுசியா, பஸ் ஓட்டுகிற அவள் கணவன், மூன்று பிள்ளைகள், கணவனின் தம்பி என்று ஆறு பேர். என்னோடு ஏழு.

அவர்கள் டோக்கலாவ்காரர்கள். பசிபிக் கடலில் சமோவாவுக்கு வடக்கே பவளப்பாறை வளையங்கள் மூன்று கிடக்கின்றன. அவ்வளவுதான் அந்த நாடு. மலை இல்லை, ஆறு இல்லை, விமானம் இறங்க இடமில்லை, துறைமுகம்கூட இல்லை. சமோவாவிலிருந்து வருகிற கப்பல் வெளியே நிற்கும். ஆட்கள் அலை பார்த்து வள்ளத்துக்குள் குதிக்க வேண்டும். மொழிக்குப் பதினைந்தே எழுத்து. நாங்கள் அரிச்சுவடியில் எழுதிவிட்டு வாழ்நாள் முழுக்க மறந்துவிடுகிற 'ங' அவர்களுக்குச் சொல்லின் முதலிலேயே வரும். மீனவன் தூண்டில் முள்ளை வைக்க மூடி இறுகின ஒரு மரப்பெட்டி வைத்திருப்பான். வள்ளம் கவிழ்ந்தாலும் பெட்டி மிதக்கும், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது.

இவையெல்லாம் உங்களுக்கு நான் சென்ற வருஷம் எழுதிய 'எட்டு விநோதங்க'ளில் உண்டு. லுசியா மாவு குழைக்கும்போது பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதினேன். ஒரு கேள்விக்குப் பதில் முடியுமுன் அடுத்ததைக் கேட்பேன். "உனக்குச் சம்பளம் கேள்விக்கு இவ்வளவெண்டோ?" என்று ஒருநாள் கேட்டாள். (அவள் பேசுவது ஆங்கிலம். எங்கட பேச்சிலேயே எழுதுகிறேன். அவளுடைய கோபம் அதில்தான் சரியாக வருகிறது.)

எட்டாவதுதான் 'இனாத்தி'. ஊர் ஆண்கள் சேர்ந்து பிடித்த மீனையெல்லாம் ஓரிடத்தில் கொட்டி, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை தலை என்று கேட்டு, தலைக்கு இவ்வளவென்று பிரித்துக் கொடுப்பார்கள். பிரிப்பதற்கென்று ஆட்கள் உண்டு. அவர்கள் வைத்ததுதான் பங்கு. அந்தக் குறிப்பை நான் எப்படி முடித்தேன் என்று உங்களுக்கு ஞாபகமிருக்கும்: "பிடித்தவனுக்கும் ஒரு பங்கு, படுத்துக் கிடந்தவனுக்கும் அதே பங்கு, உலகத்தில் சோம்பேறிக்கென்றே அமைந்த ஒரே தீவு." அந்த வரிதான் பலருக்கும் பிடித்ததாம்.

அந்த வரியை எழுதும்போது என் மனதில் இருந்தது சிரிப்பு அல்ல, எரிச்சல். டோக்கலாவில் பிறந்த குழந்தை பிறக்கும்போதே நியூசிலாந்துக் குடிமகன். ஒரு பள்ளிக்கூடத்தில் அடங்கக்கூடிய சனம், ஒரு படிவமும் நிரப்பாமல் கடவுச்சீட்டு வைத்திருக்கிறது. நான் இந்தக் குடிவரவு அலுவலகத்தின் கதிரைகளில் இருந்து இருந்து அவற்றின் ஆட்டம் எனக்குப் பழகிவிட்டது. அந்த எரிச்சல்.

3

தம்பிக்குப் பத்தொன்பது வயது. யுத்தம் நடக்கிற கொக்குவிலில் அந்த வயதில் பெடியன் ஒருவன் வீட்டில் இருந்தாலும் ஆபத்து, றோட்டில் நின்றாலும் ஆபத்து என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அவனை வீடு வீடாக மாற்றிக்கொண்டிருந்தா. எனக்கு எழுதும் ஏரோகிராமில் ஒரே கட்டளை: "அவன் உன்னட்ட வந்து சேருமட்டும் வெள்ளிக்கிழமையில் மச்சம் மாமிசம் தொடாதே."

நான் பெரிய பக்திக்காரி அல்ல. ஆனால் பதினோராயிரம் கிலோமீற்றருக்கு இப்பால் இருந்து அவனுக்காகச் செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடத் தொடவில்லை.

இங்கே டோக்கலாவ்காரர் கொஞ்சப் பேர் ஒரு வள்ளம் வைத்திருக்கிறார்கள். வேலைமுறை ஒத்துவருகிற வாரங்களில் வியாழன் போய் வெள்ளி மதியம் திரும்புவார்கள். பாபகூராவில் பெத்தேலோ என்ற பெரியவரின் கராஜில், நிலத்தில் நீலப் படங்கு விரித்து மீனைக் கொட்டி, ஊரில் செய்வது போலவே பங்கு பிரிப்பார்கள். கராஜ் கதவு திறந்திருக்கும். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் புல்லு வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். லுசியா தன் வான் வண்டியில் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கொப்பியோடு போனேன்.

பெத்தேலோ ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். "லுசியா வீடு. எத்தினை தலை?"

"ஏழு," என்றாள் லுசியா.

ஏழாவது நான் என்று விளங்கியதும் கை நீட்டித் தடுத்தேன். எனக்கு அப்போது அது மரியாதையாகப் பட்டது. வீணாகப் போகிற மீனை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கட்டுமே என்ற எண்ணம்.

"என்னை எண்ண வேண்டாம்," என்று உரக்கச் சொன்னேன். "நான் வெள்ளிக்கிழமை விரதம்."

லுசியா கத்தோலிக்கப் பெண். அவளுக்கு வெள்ளிக்கிழமை விரதச் சாப்பாடே மீன்தான். எங்கள் பாசையூர்க் கத்தோலிக்கரும் அப்படித்தானே. விரதமென்று சொல்லி மீனைத் தள்ளினால் அவர்களுக்கு அதன் பொருள் என்ன? பெத்தேலோ என்னைப் பார்க்காமல் லுசியாவைப் பார்த்தார். பிறகு படங்கில் வைத்த மீன் ஒன்றைத் திரும்ப எடுத்துக் குவியலில் போட்டார்.

"ஆறு," என்றார்.

நான் அதைக் கொப்பியில் எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயமாகவே எனக்குப் படவில்லை. அடுத்த வாரத்திலிருந்து லுசியா என்னைப் பாபகூராவுக்குக் கூப்பிடவில்லை. வானில் இடமில்லையாக்கும் என்று நினைத்தேன்.

4

அதன்பின் மாதங்கள் போயின. தம்பியின் விண்ணப்பம் ஒரு படி நகர்ந்து, நீளமான படிவம் ஒன்று வந்தது. வந்து தங்கப்போகும் வீட்டில் எத்தனை பேர், அவருக்குக் கட்டில் உண்டா, வீட்டுக்காரர் பொறுப்பேற்கிறாரா. வீட்டுக்காரர் தன் கையால் நிரப்பி நேரில் வந்து ஒப்பமிட வேண்டும். அடுத்த புதன்கிழமைக்குள். பிந்தினால் கோப்பு மூடப்படும் என்று கடைசி வரி.

லுசியா முன்பே சம்மதித்திருந்தாள். கட்டிலுக்கு மெத்தைகூடப் பார்த்து வைத்திருந்தாள். படிவம் வந்த அதே வாரம் உங்கள் பத்திரிகையும் கடல்தபாலில் வந்து சேர, எனக்கு இரட்டிப்புச் சந்தோசம். குசினி மேசையில் அவளை இருத்தி எட்டு விநோதங்களையும் ஆங்கிலத்தில் சொன்னேன். சோம்பேறி வரியையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"எட்டும் முடிஞ்சுதோ?"

"ஓம்."

"ஒன்பதாவதை ஏன் எழுதேல்லை?"

"எது ஒன்பதாவது?"

"இதை எழுதின பிள்ளை, என்னை எண்ண வேண்டாமெண்டு என்ர சனத்துக்கு முன்னால சொன்னதை."

சிரித்து மழுப்பினேன். விரதத்தை விளக்கத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, வீட்டில் உள்ளோர் தொகை என்ற கட்டத்தில் ஆறு என்று எழுதினாள். மையில். தம்பியைக் கூப்பிடுகிற நானே அந்த வீட்டில் இல்லையென்றால் விண்ணப்பம் நிற்காது.

"லுசியா, நான்?"

"நீ இல்லை."

"ஒரு வருஷமா இந்த வீட்டில இருக்கிறன்!"

"அறையில இருக்கிறாய். அதைத் தங்குமிடம் எண்டு வேணுமெண்டால் எழுதித் தாறன். வீடெண்டு எழுதமாட்டன். அரசாங்கத்துக்கு நான் பொய் எழுதிறேல்லை. நீதானே சொன்னனி."

"அது மீனுக்குச் சொன்னது! நான் மீன் சாப்பிடுறேல்லை, வெள்ளிக்கிழமையில!"

"சாப்பிடச் சொல்லி ஆர் கேட்டது?" கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "என்ர கடைசிப் பிள்ளை பிறந்து மூண்டாம் நாள் அதுக்கும் ஒரு மீன் வந்தது. அதுக்குப் பல்லு இருந்ததோ? பூனைக்குப் போடு. பக்கத்து வீட்டுக்குக் குடு. தலையை எண்ணுறது வயித்துக்காகவோ? அண்டைக்குப் பிறகு எல்லாரும் என்னட்டக் கேட்டது தெரியுமோ? அந்தப் பிள்ளைக்கு நீ என்ன செய்தனி? சாப்பாடு குடுக்கேல்லையோ? அடிச்சனியோ? ஏன் தன்னைக் கணக்கில இருந்து வெட்டச் சொன்னவள்? எல்லா வெள்ளிக்கிழமையும் ஆறு, ஆறெண்டு நான் சொல்லேக்க எனக்கு முகமில்லை. நீ கொப்பியோட திரியிறாய்."

பத்து வயது மகள் தெரேசா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஏழெண்டு போடுங்கோவன் அம்மா, ஆருக்குத் தெரியப்போகுது?"

லுசியா தங்கள் மொழியில் அவளை ஏசினாள். பிள்ளை ஆங்கிலத்திலேயே திருப்பி ஏதோ சொன்னது. அது அந்த வீட்டில் வழமை. தாய் ஒரு மொழியில் கோபிக்க மகள் இன்னொன்றில் பதில் சொல்வாள். அன்றைக்கு அதுவும் என் தலையில்தான் விழுந்தது.

நான் சொல்லக்கூடாததைச் சொன்னேன். "உங்களுக்குக் கடவுச்சீட்டு சும்மா கிடைச்சது. என்ர தம்பி உயிரோட இருக்கிறதுக்கு ஒரு தாள் வேணும். ஒரு மீனுக்காக அவனை விழுத்துறியள்!"

லுசியா பேனையை மூடி என் முன்னால் வைத்தாள்.

"மீனைத் திருப்பிக் குடுத்தது நான் இல்லை," என்றாள்.

5

அடுத்த நாள் நகரின் வடக்கே கிளென்ஃபீல்டுக்குப் போனேன். மலேசியாவிலிருந்து வந்து அங்கே குடியிருக்கும் சிவலிங்கம் அண்ணன் படிவ விஷயங்களில் கெட்டிக்காரர். அவருடைய வீட்டு விலாசத்தைத் தரச்சொல்லிக் கேட்கலாம் என்ற எண்ணம்.

அவர் படிவத்தைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "என்னாம்மா நீ, முதல் நாள்லேருந்து எல்லா பேப்பர்லயும் அந்த த்ரீ கிங்ஸ் அட்ரஸ்தான இருக்கு. இப்ப மாத்துனா சந்தேகம் வரும். திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும் லா."

"அப்ப என்ன செய்யிறது அண்ணை?"

"சண்டையை முடிச்சிட்டு வா. வேற என்னா?"

"அவ பிடிவாதக்காரி."

"நீ மட்டும்?" என்றார். "ஒரு மீனை வாங்கிக் கையில வெச்சுக்கிறதுக்கு உனக்கு இவ்வளவு யோசனையா? ஊர்ல நம்ம வீட்டுக்கு வந்த ஆளு, இலை போடும்போது எனக்கு வேணாம்னு எழுந்து போனா நீ சும்மா இருப்பியா? கல்யாண வீட்ல?"

அவர் மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, இந்த அக்கா ஏன் அழுகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் அழவில்லை. அவர்கள் வீட்டில் சாம்பிராணி அதிகம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரோடும் கோபம். இலையும் மீனும் ஒன்றா என்று எனக்குள் வாதாடினேன். துறைமுகப் பாலம் முடியுமுன் வாதத்தில் தோற்றுவிட்டேன். தோற்றதில் இன்னும் கோபம்.

6

வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து முந்தி வெளிக்கிட்டு, நகரத்துக்குப் போய் ரயில் எடுத்துப் பாபகூராவுக்குத் தனியாகப் போனேன். கொப்பி கொண்டுபோகவில்லை. படங்கில் மீன் கொட்டியாகிவிட்டது. லுசியா பின்வரிசையில் நின்றாள். என்னைக் கண்டும் காணாத மாதிரி.

பெத்தேலோ என்னைக் கண்டார். கண்டதாலேயே லுசியா வீட்டைக் கூப்பிடவில்லை. மற்ற வீடுகள் எல்லாம் முடிந்தன. ஆட்கள் மீனை எடுத்துக்கொண்டு போகாமல் நின்றார்கள். வேடிக்கை பார்க்கத்தான், வேறெதற்கு. வேடிக்கை பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: காது சுடும்.

"லுசியா வீடு," என்றார் கடைசியாக. "எத்தினை தலை?"

லுசியா சுவர்த் தட்டில் இருந்த பெயின்ற் தகரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏழு," என்றேன் நான்.

"போன முறை ஆறு. ஆர் பிறந்தது?"

கராஜ் முழுக்கச் சிரிப்பு.

"நான்தான்," என்றேன்.

"பெரிய பிள்ளையாப் பிறந்திருக்கு." இன்னும் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. "இந்தப் பிள்ளை திரும்பவும் ஒருநாள் எழும்பி, எண்ணாதேங்கோ எண்டு சொல்லுமோ?"

"சொல்லாது."

ஏழாவது மீனை வைத்தார். குனிந்து எடுக்கப் போனேன்.

"எட்டு," என்றாள் லுசியா.

பெத்தேலோ நிமிர்ந்தார். "எட்டாவது எங்கை?"

"வழியில."

"நான் காணாத தலைக்கு மீன் வைக்கிறேல்லை."

"கப்பல் பிந்தினால் அதில வாற ஆளை இல்லையெண்டோ சொல்லுவியள்? இவளின்ர தம்பி. கட்டில் போட்டாச்சு. என்ர வீட்டில எத்தினை பேர் எண்டு நான் சொல்லுறன், நீங்கள் வையுங்கோ."

இரண்டு பேரும் தங்கள் மொழியில் பாய்ந்து விழுந்து கதைத்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒரு வருஷம் அந்த மொழிக்கு எத்தனை எழுத்து என்று எண்ணியவள் நான். கடைசியில் பெத்தேலோ படங்கில் மிஞ்சியிருந்ததை இரண்டு முறை பார்த்துவிட்டு, ஒரு மீனைத் தூக்கி எங்கள் பங்கின்மேல் போட்டார். வைக்கவில்லை, போட்டார். தண்ணீர் என் பாவாடையில் தெறித்தது.

வானில் நன்றி சொன்னேன், லுசியா ரேடியோவைப் பெரிதாக்கினாள்.

7

புதன்கிழமை இரண்டு பேரும் அலுவலகத்துக்குப் போனோம். படிவத்தில் லுசியா ஆறை அடித்து எட்டு என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்துகளை வைத்திருந்தாள். ஏழு என்று எழுதினால் போதும் என்று காலையிலேயே கெஞ்சியிருந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்த இளைஞன் சரியாக அந்தக் கட்டத்தில்தான் விரலை வைத்தான். "எட்டு என்று போட்டிருக்கிறீர்கள். உங்கள் குடும்பம் ஆறு, இவர் ஒருவர், ஏழு. எட்டாவது யார்?"

"இவளின்ர தம்பி."

"அவர்தானே விண்ணப்பதாரர். அவர் இன்னும் இங்கே இல்லை. ஏழு என்று திருத்தித் தாருங்கள்."

"இல்லை."

"அம்மா, இது இப்போது வீட்டில் இருக்கிறவர்களின் தொகை."

"எண்ணியாச்சு. எண்ணின ஆளை நான் வெட்டமாட்டன்."

மேசைக்குக் கீழே அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "லுசியா, தயவுசெய்து. ஒரு இலக்கம். கோப்பை மூடிப்போடுவாங்கள்." அவள் கையை உதறினாள். அந்த நிமிஷம் அவளை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. என் தம்பியின் உயிரை வைத்துத் தன் ஊர்ச் சட்டம் காட்டுகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசையில் நின்ற யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

இளைஞன் உள்ளே போய் மேலதிகாரி ஒருத்தியைக் கூட்டி வந்தான். அவள் லுசியாவைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு துண்டுத் தாளில் "வீட்டுக்காரர் விண்ணப்பதாரரையும் சேர்த்து எட்டு என்று கூறுகிறார்" என்று எழுதிப் படிவத்தோடு குத்தினாள். முத்திரை விழுந்தது. பதில் வர மாதக்கணக்காகும் என்றாள்.

அந்த மாதங்கள் இன்னும் முடியவில்லை. லுசியாவும் நானும் வேண்டியதை மட்டும் கதைக்கிறோம். சோம்பேறி வரிக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது உன்ர ஆக்களுக்குச் சொல்லு," என்றாள். சொல்லிவிட்டேன். அந்த வரி பொய். உழைப்பை அளக்கிற பங்கு என்று நினைத்து எழுதினேன்; அது ஆளை அளக்கிற பங்குகூட இல்லை, ஆள் உண்டு என்று சொல்லுகிற பங்கு.

அம்மாவின் கடைசி ஏரோகிராமில், தம்பி இப்போது எந்த வீட்டில் என்று இல்லை. கடிதங்களைத் திறந்து பார்க்கிறார்களாம், எழுதப் பயம். சில இரவுகளில் அவன் எங்கே படுக்கிறான் என்பது தனக்கே தெரியாது என்று எழுதியிருக்கிறா. ஊரில் யாராவது வந்து இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் அவனை விட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இங்கே வள்ளம் போகிற வாரங்களில், வெள்ளிக்கிழமை பின்னேரம், பெத்தேலோ லுசியா வீட்டைக் கூப்பிடுகிறார். எட்டு என்கிறாள் லுசியா. "வந்திட்டானோ?" என்று ஒவ்வொரு முறையும் சந்தேகத்தோடு கேட்கிறார். "வழியில," என்கிறாள் அவளும் ஒவ்வொரு முறையும், அதே எரிச்சலோடு. மீன் விழுகிறது. என்னுடையதை ஒரு கையிலும் அவனுடையதை மற்றக் கையிலும் வாலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு, நான் வானுக்கு நடக்கிறேன்.